வாலில் ஒரு பெயர்

ஈச்சம்பேட்டையின் வாடை ஊரை விட்டுப் போனது ஒரு புதன்கிழமை. காலையில் தோல் பதனிடும் டேனரியின் சங்கு ஊதியபோது அது ஊரில்தான் இருந்தது, கழிவுநீர் நிலையத்தின் பெரிய தொட்டியில் பெங்களூரிலிருந்து வந்த இரண்டு பேர் ஒரு கேன் நுரைத்த தண்ணீரை ஊற்றியபோதும் இருந்தது, வெயில் ஏறியதும் தொட்டியிலிருந்தும் சுண்ணாம்புக் குழிகளிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் கொடியில் காய்ந்த சட்டைகளிலிருந்தும் எழுந்து, பாலாற்றுப் பாலத்தடியில் ஒன்றுசேர்ந்து, நெடுஞ்சாலையில் ஏறி, மேற்கே பெங்களூரைப் பார்க்கப் புறப்பட்டது. சுங்கச்சாவடியில் அது லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்றது. முன்னால் நின்ற லாரியின் டிரைவர் இறங்கி டயரைப் பார்த்தார், பிறகு லோடைப் பார்த்தார், பிறகு கிளீனரைப் பார்த்தார். கிளீனர், "நான் இல்லண்ணே" என்றான். கிருஷ்ணகிரியில் மாம்பழக்கூழ் ஆலைக்காரர்கள் பழம் அழுகிவிட்டதென்று ஒரு லோடு பழத்தைக் குழியில் கொட்டினார்கள், ஓசூர் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அது போய் முடியும்வரை காத்திருந்தார்கள். சாயங்காலம் அது பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைந்து, மூன்றாவது மாடிக்குப் படியேறி, முனைவர் மேகலாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றது.

அந்த வாடையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வேலூர் பஸ்ஸில் தூங்குகிற ஈச்சம்பேட்டைக்காரரை எந்தக் கண்டக்டரும் எழுப்பியதில்லை. ஆற்றுப் பாலம் நெருங்கும்போது ஜன்னல் ஷட்டர்கள் படபடவென்று இறங்கும், அந்தச் சத்தத்தில் ஊர்க்காரர்கள் கண் விழித்துப் பையை எடுத்துக்கொள்வார்கள். வெளியூரில் பெண் கேட்கப் போனால் காபி கொடுப்பார்கள், கேசரி கொடுப்பார்கள், எல்லாம் பொருந்தி வருகிறது என்பார்கள், ஒருமுறை வீடு பார்க்க வருகிறோம் என்பார்கள், வந்து பார்த்தவர்கள் அதன்பிறகு போனை எடுக்க மாட்டார்கள். ஊரில் பணக்காரர்கள் இருந்தார்கள், படித்தவர்கள் இருந்தார்கள், கோயிலும் பள்ளிவாசலும் சர்ச்சும் இருந்தன, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வாடை போய் நின்றுகொண்டு ஊரை அறிமுகம் செய்துவைத்தது. டேனரியில் பதனிடாத தோலைக் கையாண்ட பச்சைத்தோல் தெருக்காரர்களை மற்றத் தெருக்காரர்களிடமே அறிமுகம் செய்துவைத்தது.

மேகலா பச்சைத்தோல் தெருவில் பிறந்தவள். அவள் அப்பா ஏகாம்பரம் சுண்ணாம்புக் குழியில் தோலை முக்கி எடுத்து மயிர் நீக்கும் வேலை செய்தார். வேலை முடிந்து வந்ததும் சோப்பைக் கரைய விட்டுக் குளிப்பார், குளித்துவிட்டுப் பஸ்ஸில் ஏறினால் யாரும் சொல்லாமலே கடைசி சீட்டுக்குப் போய்விடுவார். மேகலா வேலூரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த அன்று, துணி அடுக்கப் பெட்டியைத் திறந்தாள். அறையில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மேகலாவுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. சிலருக்குக் கோபம் சண்டையாகிறது, சிலருக்கு ரத்தக்கொதிப்பாகிறது, அவளுக்கு அது படிப்பாயிற்று.

அவள் படித்ததை அவளுடைய அம்மா கன்னிம்மா தெருக்காரர்களுக்கு இப்படி விளக்கினாள். "பாசி கோக்குறா. இருவது தினுசு மணி கீதாம். எந்த மணிக்கு அப்பறம் எந்த மணின்னு கோத்தா அந்தக் கயிறு தானே சுருண்டுகினு ஒரு உருவமாயிடுமாம். அத்த கம்ப்யூட்டர்ல கோத்துப் பாக்குறா." இதைவிடத் தெளிவாகப் பேராசிரியர்களும் விளக்கியதில்லை. கயிற்றுக்குப் பெயர் புரதம். நம் உடம்பில் இருப்பதும் தோலில் இருப்பதும் முட்டையில் இருப்பதும் அதுதான், ஆனால் அவையெல்லாம் இயற்கை கோத்தவை. இயற்கைக்குத் தோன்றாத ஒரு கயிற்றைத் தானே கோக்க வேண்டும், அது சுருளும்போது நடுவே ஒரு குழி விழ வேண்டும், அந்தக் குழியில் ஈச்சம்பேட்டையின் வாடை வந்து கச்சிதமாக உட்கார வேண்டும், உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கூடாது. இதற்காக மேகலா சென்னையில் படித்தாள், பெங்களூரில் பேராசிரியர் சேஷகிரியிடம் முனைவர் பட்டம் வாங்கினாள், ஜெர்மனியில் எப்போதும் மழை தூறும் ஓர் ஊரில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுகொண்டு சில வருஷம் இருந்தாள், திரும்பி வந்து பெங்களூரில் சேஷகிரியின் நிலையத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள்.

கம்ப்யூட்டரில் அழகாகச் சுருண்ட கயிறுகள் கண்ணாடிக் குழாயில் சுருள மறுத்தன. எழுத்தில் இருக்கும் கயிற்றைக் கிருமிகளுக்குள் செலுத்தி, கிருமிகளை வளர்த்து, அவை செய்து தந்த புரதத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தால், திரிந்த பாலைப் போல அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். அந்த வெள்ளையைப் பார்த்துப் பார்த்தே மேகலாவின் தலை நரைத்தது. அவளோடு படித்தவர்கள் மருந்து செய்தார்கள், கம்பெனி தொடங்கினார்கள், வீடு கட்டினார்கள். ஏகாம்பரம் ஒருநாள் இருமியபடியே செத்துப்போனார். அடக்கத்துக்கு வந்த மேகலா நாலாம் நாள் திரும்பிப் போய்க் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள், அதிலும் வெள்ளைதான் படிந்திருந்தது.

கடைசியில் ஒரு கயிறு சுருண்டது. குழி விழுந்தது. வாடை அதில் உட்கார்ந்தது, எழுந்திருக்கவில்லை. பிடித்த வாடையை வெட்டிப் போடுகிற பல்லையும் அந்தக் குழிக்குள் வைத்திருக்கலாம், வைக்க வேண்டும் என்றுதான் மேகலாவும் நினைத்திருந்தாள். ஆனால் பல் வைக்க இன்னும் சில வருஷம் ஆகும், ஆராய்ச்சிக் காசோ அந்த மார்ச்சோடு முடிகிறது, பிடித்ததே பெரிய செய்தி, வெட்டுவதை அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று சேஷகிரி சொன்னார். அந்தத் துறையில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

அந்தத் துறையில் எல்லாரும் செய்கிற இன்னொன்றும் உண்டு. கயிற்றின் வால் நுனியில் கொஞ்சம் இடம் மிஞ்சும். அங்கே எந்த மணியைக் கோத்தாலும் உருவம் கெடாது. இருபது மணிகளுக்கும் ஆளுக்கோர் ஆங்கில எழுத்து உண்டென்பதால், மிஞ்சிய இடத்தில் தன் பெயரையோ காதலியின் பெயரையோ எழுதிவிடுவது அவர்களுக்குள் ஒரு பழக்கம், பெஞ்சில் காம்பஸால் பெயர் செதுக்குகிற பிள்ளைகளின் பழக்கத்தைவிட இது உயர்ந்ததும் இல்லை, தாழ்ந்ததும் இல்லை. சேஷகிரி ஒரு காலத்தில் தன் மனைவியின் பெயரை எழுதியிருந்தார். மேகலா தன் பெயரையே எழுதினாள். இத்தனை வருஷம் ஓடியவளுக்கு அந்த ஆசைகூட இருக்கக் கூடாதா என்ன?

அந்தக் கயிறு கலந்த தண்ணீரைத்தான் அந்தப் புதன்கிழமை தொட்டியில் ஊற்றினார்கள், வாடை பிடிபட்டது. பிடிபட்டதை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். வாலில் பெயர் இருந்தது, வாடை பெயருக்கு உரியவளிடம் வந்து சேர்ந்தது. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை என்று சேஷகிரி மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சொன்னார். "என் மனைவி பேரைப் போட்டது குழாயிலேயே திரிஞ்சு போச்சு. எங்க குடும்பம் தப்பிச்சது."

ஆராய்ச்சி நிலையம் நாகரிகமான இடம், அங்கே யாரும் எதையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. மேகலாவுக்கு வளாகத்தின் கோடியில், தைல மரங்களுக்குப் பின்னால், தனியாக ஒரு கட்டடம் ஒதுக்கினார்கள். கூட்டங்களில் திரை வழியாகக் கலந்துகொள்ளலாம் என்றார்கள். திரையில் வாடை வராது, கட்டுரையில் வராது, ஆகவே அவள் புகழ் தடையில்லாமல் வளர்ந்தது. அவள் குடியிருந்த அடுக்குமாடியில் மூன்று கூட்டம் போட்டார்கள், மூன்றாவது கூட்டம் முடிவதற்குள் அவளே காலி செய்துகொண்டு ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணைக்குப் பக்கத்தில் வீடு பிடித்தாள். பண்ணைக்காரர் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கோழிகள் முட்டையிட யோசிக்கின்றன என்று மட்டும் சொன்னார்.

ஈச்சம்பேட்டையிலோ முதல் இரண்டு நாள் எல்லாரும் தங்களுக்குச் சளி பிடித்துவிட்டதென்று நினைத்தார்கள். டாக்டர் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது, டாக்டர் தன் மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டுக்கொண்டு எல்லாருக்கும் மருந்து எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாள் அத்தர் கடை இஸ்மாயில் பாய் வழக்கம்போலக் கடையைத் திறந்தவர், தன் கடையில் இத்தனை வாசனைகள் இருப்பதை முதன்முதலாக அறிந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் ஊர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. மழைக்கு முன்னால் மண்ணுக்கு ஒரு மணம் இருந்தது. எதிர்வீட்டில் என்ன குழம்பு என்பது இங்கேயே தெரிந்தது, அதனால் இரண்டு சிநேகமும் நாலு சண்டையும் உண்டாயின. பிரியாணிக் கடைகள் நெடுஞ்சாலை ஓரத்தில் மேசை போட்டன, கார்கள் நின்றன. பஸ்ஸில் தூங்கியவர்கள் ஊரைத் தவறவிட்டு அடுத்த ஊரில் இறங்கித் திட்டிக்கொண்டே திரும்பி வந்தார்கள், கண்டக்டர்கள் வேறு வழியின்றி "ஈச்சம்பேட்டை" என்று கூவப் பழகினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இருந்தார்கள். அந்த வருஷம் ஊரில் நடந்த கல்யாணங்களுக்குப் பந்தல்காரர்களால் ஈடு கொடுக்க முடியவில்லை. வாடை எங்கே போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. வயிற்றுவலி போனால் எங்கே போயிற்று என்று யார் தேடுகிறார்கள்?

நகராட்சித் தலைவர் பரந்தாமன் மேகலாவுக்குப் பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு, பேனர் கட்டி, தவில் நாகஸ்வரம் வைத்து, அவள் கார் வந்து நின்றபோது மாலையோடு முன்னால் போனவர் இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். கார் கதவு வழியாக மேகலா இறங்கினாள், கூடவே வாடையும் இறங்கியது, ஒரு பாதி மேடைக்குப் போயிற்று, மீதிப் பாதி பழைய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கக் கிளம்பியது. ஈச்சம்பேட்டை மரியாதை தெரிந்த ஊர், ஒருவரும் கைக்குட்டையை எடுக்கவில்லை. பரந்தாமன் தன் அரசியல் வாழ்க்கையிலேயே மிகச் சுருக்கமாகப் பேசி முடித்துப் பொன்னாடை போர்த்தினார். அம்மா வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மேகலா கிளம்பினாள், கார் பாலத்தைத் தாண்டியதும் ஊர் மறுபடி மணத்தது. அன்றைக்குத்தான் எல்லாருக்கும் விஷயம் புரிந்தது.

மறுநாள் பரந்தாமன் போன் செய்தார். "டாக்டரம்மா, நீங்க எங்க ஊரு பெருமை. பெருமைன்றது கொஞ்சம் தூரத்துல இருந்தாத்தான் அழகு." மேகலா, "புரியுது சார்" என்றாள். யாரும் தடை போடவில்லை, தீர்மானம் எதுவும் நிறைவேற்றவில்லை. கல்யாணப் பத்திரிகைகள் அவளுக்குத் தவறாமல் போயின, பத்திரிகை போய்ச் சேருவதற்கு முன்னால், "நீங்க வேலை உள்ளவங்க, வாழ்த்து அனுப்பினாப் போதும்" என்று போன் போயிற்று. பள்ளிக்கூடத்தில் அவள் படத்தை மாட்டி, தினமும் பூ வைத்தார்கள், அதைப் பார்த்த புது ஆசிரியை ஒருத்தி அவள் இறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

ஆகவே கன்னிம்மா மகளை ரோட்டில் பார்த்தாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் ஏறிச் சுங்கச்சாவடி வரை போய், அதைத் தாண்டி இருந்த ஒரு டீக்கடையின் பின்புறப் புளியமரத்தடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருப்பாள். மேகலா காரை நிறுத்திவிட்டு வருவாள். டீக்கடைக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தன் விடுமுறையாக மாற்றிக்கொண்டார். தூக்குவாளியில் கத்திரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பும் சோறும் இருக்கும், லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகும், மகள் சாப்பிட அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள்.

"கஷ்டமா இருக்காம்மா, இந்த வாடை?" என்று ஒருதரம் மேகலா கேட்டாள்.

"ஒங்கப்பனோட நாப்பது வருசம் குடும்பம் பண்ணவ நானு. இது எனக்கு இன்னா புதுசா? ரோட்ல வச்சு சோறு போடறதுதான் கஷ்டமா கீது."

மேகலா சோற்றைப் பிசைந்தாள். ஊருக்கெல்லாம் நல்ல காற்றுத் திரும்பியிருக்க, தான் ஒருத்தி மட்டும் ஊர் இல்லாமல் போனதை நினைத்து அவளுக்கு மனசு வலித்தது. அந்த வலியோடுதான் அவள் ஒவ்வொரு தரமும் காரைத் திருப்பினாள்.

வாடை போன நிலத்துக்கு ஆள் வந்தது. தனசேகர் என்கிற மனை வியாபாரி ஆற்றோரமாகக் கொடி நட்டு, வளைவு கட்டி, 'மல்லிகை அவென்யூ' என்று பலகை வைத்தார். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார்களில் வந்தவர்கள் இறங்கி மூச்சை இழுத்துப் பார்த்து, நல்ல காற்று என்றார்கள். அவென்யூவுக்கு நடுவே பச்சைத்தோல் தெரு இருந்தது. மூன்று தலைமுறையாக அங்கே வீடு கட்டி வாழ்ந்தவர்களிடம் வரி ரசீது இருந்தது, ரேஷன் அட்டை இருந்தது, கரண்டு கார்டு இருந்தது, பட்டா மட்டும் இல்லை. நாறுகிற நிலத்துக்குப் பட்டா எதற்கு என்று அதிகாரிகளும் கொடுக்கவில்லை, இவர்களும் அழுத்திக் கேட்கவில்லை. இப்போது அது ஆற்றுப் புறம்போக்கு என்பது அதிகாரிகளுக்கு ஞாபகம் வந்தது. வீட்டுக் கதவுகளில் சிவப்பு மையால் எண் போட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம், பஸ் போகாத இடத்தில், அடுக்கு வீடு தருவதாகச் சொன்னார்கள்.

தெரு முனையில் கூடிப் பேசினார்கள். மனு கொடுப்பதா, மறியல் செய்வதா, கோர்ட்டுக்குப் போவதா என்று ஆளாளுக்குப் பேசியபிறகு வேண்டா எழுந்தாள். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அந்தப் பெயர் வைக்கப்பட்டவள், டேனரியில் சுற்றும் பீப்பாயில் தோல் ஏற்றி இறக்குகிறவள், குரல் உரத்தவள். "எதுக்கு இத்தினி பேச்சு? வாடை போச்சு, அவன் வந்தான். வாடை வந்தா அவன் போறான். யக்கா, ஒம்பொண்ண ஊட்டுக்குக் கூப்புடு."

கன்னிம்மா தலையை ஆட்டினாள். "மாட்டேன். இந்த நாத்தத்த ஒழிக்கணும்னுதான் எம்பொண்ணு கண்ணு பூத்துப் போவப் படிச்சா. அது ஒழிஞ்ச ஊருக்கு அவளையே அத்தத் தூக்கிகினு வரச் சொல்லவா? அவ பேரு கெட்டுப் போவும். நா மலைக்கு அந்தாண்ட போறன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சுங்கச்சாவடிக்குப் போனபோது எல்லாம் நன்றாக இருப்பதாகவே சொன்னாள். மேகலாவும் ஒரு நல்ல செய்தி சொன்னாள். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று உலகத்துக்குப் பயன்பட்ட புரதத்துக்குப் பெரிய பரிசு தருகிறது, கடைசிச் சுற்றில் அவள் பெயர் இருக்கிறது, வியாழக்கிழமை நடுவர்கள் ஈச்சம்பேட்டைக்கே வந்து மூச்சு இழுத்துப் பார்க்கப் போகிறார்கள். "நல்லாப் பாக்கட்டும்" என்று சொல்லிக் கன்னிம்மா மகளுக்கு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அன்று சாயங்காலம் வேண்டா போன் செய்தாள்.

"மேகலா, நா வேண்டா பேசறன். ஒங்கம்மா ஒண்ணும் சொல்லியிருக்காது. வெள்ளிக்கிழம ஊடு இடிக்கிற மெஷின் வருது. மொதல் ஊடு உங்குளுது."

மேகலா வெகுநேரம் தைல மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பரிசு வந்தால் தனிக் கட்டடம் பெரிய கட்டடமாகும், உலகத்து நாற்றம் பிடித்த ஊர்களெல்லாம் அவளைத் தேடி வரும், விடுதியில் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்த பெண் பேப்பரில் அவள் படத்தைப் பார்ப்பாள். இத்தனையும் அவளுக்கு வேண்டும்தான். வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு அவள் ஞானி இல்லை.

புதன்கிழமை காலை அவள் கையில் லேப்டாப் பையும் ஒரு சின்ன ஐஸ் பெட்டியுமாக வேலூர் பஸ்ஸில் ஏறினாள். யாரும் சொல்லாமலே கடைசி சீட்டுக்குப் போனாள். ஏறிய நிமிஷத்திலிருந்து ஷட்டர்கள் எல்லாம் இறங்கியே இருந்தன. ஈச்சம்பேட்டைப் பாலம் வந்தபோது கண்டக்டர் கூவ வாயெடுத்தார், அதற்குள் ஊர்க்காரர்கள் எல்லாரும் எழுந்து பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கன்னிம்மா வாசலில் நின்று மகளைப் பார்த்தாள், மகளுக்குப் பின்னால் தெருவில் நுழைந்துகொண்டிருந்ததையும் பார்த்தாள். "ஏம்மே வந்த?" என்றாள்.

"பசிக்குதும்மா. ஊட்ல உக்காந்து சாப்பிடணும்."

கன்னிம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அரிசி களைந்தாள்.

வியாழக்கிழமை நடுவர்கள் வந்தார்கள், பாலத்திலேயே காரை நிறுத்தி இறங்கி நின்றார்கள், ஒருவர் குனிந்து தண்ணீர் கேட்டார், அரைமணியில் திரும்பிப் போனார்கள். பரிசு, உப்புத் தண்ணீரில் நெல் விளைய வைத்த யாரோ ஒருவருக்குப் போயிற்று. மனை பதிந்துவைத்தவர்கள் தனசேகரைக் கூப்பிட்டார்கள், தனசேகர் தாசில்தாரைக் கூப்பிட்டார், வெள்ளிக்கிழமை மெஷின் பாதி வழியில் திரும்பிற்று. பிரியாணிக் கடைக்காரர்கள் மேசைகளை உள்ளே எடுத்து வைத்தார்கள். இஸ்மாயில் பாய் அத்தர் குப்பிகளை ஒவ்வொன்றாக மூடிவிட்டு, தன் அம்மா பெயரில் இருந்த பழைய பஞ்சாயத்து ரசீதைக் கொண்டுவந்து, "நாங்களும் பட்டா இல்லாமதான் கீறோம், எங்களையும் ஒங்களோட சேத்துக்குங்க" என்று பச்சைத்தோல் தெருவில் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் திட்டினார்கள். திட்டியவர்களும் மூன்றாம் நாள் முதல் மூக்கு பழகி, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பரந்தாமன் அவசரப்படவில்லை. அரசாங்க வேலையில் இருப்பவளுக்கு லீவு என்று ஒன்று உண்டு, லீவு என்றால் முடியும், முடிந்தால் அவளும் போவாள், அவள் பின்னால் அதுவும் போகும். இதை விசாரித்துக்கொள்ளத்தான் ஒருநாள் வீடு தேடி வந்தார். கன்னிம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"எத்தினி நாள் லீவு டாக்டரம்மா?"

"வேலைய இங்கிருந்தே பாக்கலாம் சார். கம்ப்யூட்டர் வேலைதானே."

பரந்தாமன் டீயை வாங்கிக்கொண்டார். கட்டிலுக்கடியில் இருந்த ஐஸ் பெட்டி அவர் கண்ணில் பட்டது. "அது இன்னாங்கம்மா?"

"அதே புரதம்தான் சார். போன தடவ வால்ல என் பேர எழுதினேன், அதனால வாடை என்கிட்ட வந்துது. யார் பேர எழுதினாலும் அவங்ககிட்டப் போய் இருக்கும்."

பரந்தாமன் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்தார். "இதுல யார் பேரு?"

"இன்னும் எழுதல. இடத்த காலியா விட்டிருக்கேன்."

வெளியே யாரோ குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது. பரந்தாமன் ஐஸ் பெட்டியைப் பார்த்தார், மேகலாவைப் பார்த்தார், தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"யாருன்னு உத்தேசம் ஏதாச்சும்…"

"யோசிச்சுகினு இருக்கேன் சார். டீ ஆறுது, குடிங்க."

அவர் குடித்தார். அதற்கப்புறம் கோப்புகளுக்குக் கால் முளைத்தது. ஆற்றுப் புறம்போக்கு என்று எழுதியிருந்தது ஒரு காலத்துத் தவறு என்று தெரியவந்தது, ஆறு அந்தப் பக்கமே வந்ததில்லை என்று தாசில்தாரே கண்டுபிடித்தார். அளக்க வந்தவர்கள் கைகூப்பிக்கொண்டே சங்கிலி பிடித்தார்கள். தனசேகர் ஒரு கூடைப் பழத்தோடு வந்து, தன் பெயரைத் தான் எங்கேயும் முழுசாக எழுதுவதில்லை, இனிஷியல்தான் போடுவது வழக்கம் என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். தை பிறப்பதற்குள் பச்சைத்தோல் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டா வந்தது. கன்னிம்மா தன்னுடையதை வாங்கி, படிக்கத் தெரியாததால் முகர்ந்து பார்த்து, ஏகாம்பரத்தின் படத்துக்குக் கீழே வைத்தாள்.

அன்று சாயங்காலம் தெருவே வீட்டு வாசலில் கூடியது. காலி இடத்தில் யார் பெயரை எழுதலாம் என்று பேச்சு வந்தது, பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. தனசேகர் என்றார் ஒருவர். கதவில் சிவப்பு மை போட்டவன் என்றார் ஒருவர். டிக்கெட்டை எட்ட நின்று நீட்டிய கண்டக்டர், நிச்சயம் வரை வந்து திரும்பிப்போன மாப்பிள்ளையின் பெரியப்பா, டம்ளரைத் தனியாக வைத்த ஓட்டல்காரர் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள், சொல்லச் சொல்லச் சிரிப்புக் குறைந்தது, வேண்டா சொன்ன பெயர்களில் சிரிப்பே இல்லை. மேகலாவுக்கும் மனசுக்குள் ஒரு பெயர் இருந்தது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தவளின் பெயர், எழுத்து எழுத்தாக, மணி மணியாக, எப்போதோ கோத்து வைத்தது போலத் தயாராக இருந்தது.

கன்னிம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எவன் பேர எழுதனாலும் அவனுக்கும் ஒரு அம்மாக்காரி இருப்பா" என்றாள். "அவ எந்த ரோட்டாண்ட தூக்குவாளி எடுத்துகினு போயி புள்ளயப் பாக்குறது? நா போயிட்டு வந்தவ. எனக்குத் தெரியும்."

வேண்டா குனிந்து அரிசியில் ஒரு கல் எடுத்துப் போட்டாள். மேகலா உள்ளே போனாள், ஐஸ் பெட்டியிலிருந்து குழாயை எடுத்துக் கொல்லைப் பக்கம் கொண்டுபோய்ச் சாம்பல் குழியில் ஊற்றினாள், குழாயைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு வந்து லேப்டாப்பை விரித்து, அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த பல்லை முதல் மணியிலிருந்து கோக்க ஆரம்பித்தாள். பிடித்ததை வெட்டிப் போடும் கயிறு அது, அதில் யாரிடமும் ஒப்படைக்க மிச்சம் எதுவும் இருக்காது. நாலு வருஷம் ஆகலாம், பத்தும் ஆகலாம். வாடை போனால் மறுபடி ஆள் வரும், வரட்டும், இந்த முறை பட்டா கையில் இருக்கிறது.

குழாயை ஊற்றிய விஷயம் தெருவைத் தாண்டவில்லை. பச்சைத்தோல் தெருவில் புது விளக்குக் கம்பங்கள் போட்டாயிற்று, தண்ணீர் தினமும் வருகிறது, குப்பை வண்டி முதலில் அங்கேதான் நிற்கிறது. மாதம் ஒருமுறை பரந்தாமன் வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறார். பெயர் ஏதாவது முடிவாயிற்றா என்று ஜாடையாகக் கேட்கிறார், இன்னும் இல்லை என்று மேகலா சொல்கிறாள். போகும்போது அவர் பார்வை கட்டிலுக்கடியில் இருக்கும் ஐஸ் பெட்டிக்குப் போய்த் திரும்புகிறது. அதில் கன்னிம்மா கருவாடு வைத்திருக்கிறாள்.